அளவெடுக்க வந்த மரணம்

“அம்பாரோ...!”

அலறியது பண்ணை எஜமானி தோன்யா பூரிங்.

மாடி ஹாலில் கிளம்பிய அந்த அலறல், தோட்டத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது. பன்றி வாட்டக் குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹாலில், பியானோவுக்கும் ஆளுயரக் கண்ணாடிக்கும் நடுவே, குப்புறக் கிடந்தாள் ஒரு பெண்.

உடம்பில் வெள்ளைக் கல்யாண கவுன். பாரீஸிலிருந்து கப்பலில் வந்த லேஸ். முதுகு நெடுக வெள்ளிக் கொக்கிகள்.

நாளைக் காலை சர்ச்சுக்குப் போக வேண்டிய கவுன்!

“என் இந்தாய்! என் செல்ல மகளே!” தோன்யா விழுந்தடித்து ஓடினாள். கையிலிருந்த வைர வளையல்கள் கலகலக்க, அந்த உடம்பைப் புரட்டினாள்.

முகம் தெரிந்தது.

அம்பாரோ இல்லை!

சொலேதாத். தோன்யாவின் கொழுந்தன் மகள். அப்பா அம்மா காய்ச்சலில் போன பிறகு, இந்தச் சாந்தா ரோசாலியா பண்ணை வீட்டில், மணப்பெண் அம்பாரோவோடு சேர்ந்து வளர்ந்தவள்.

“நல்லவேளை...” தோன்யாவின் வாயில் வந்துவிட்டது. மீதியை விழுங்கிக்கொண்டு சிலுவை போட்டாள்.

பக்கத்து அறையிலிருந்து கையில் முக்காட்டுத் துணியோடு ஓடி வந்தாள் கிறிஸ்பினா. பகோலோட்டில் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கவுன் தைப்பவள்.

“இப்பத்தானே நின்னுட்டிருந்தாங்க... கொக்கியைப் போட்டேன். ‘ஸ்ஸ்... என்னமோ குத்துது’ன்னாங்க. பார்க்கிறேன், முக்காடு எடுத்துட்டு வந்துடறேன்னு போனேன்...”

சொலேதாத் பேசவில்லை. மூச்சும் இல்லை.

கல்யாண கவுன் அம்பாரோவுடையது. போட்டிருந்தது சொலேதாத். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் அந்த கவுனைப் போட்டுப் பார்த்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று இந்த நீக்ரோஸ் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் அதே உயரம், அதே இடுப்பு உள்ள இன்னொருத்தி போட்டுக் காட்டுவாள். அம்பாரோவுக்குப் பதில் எப்போதும் சொலேதாத்தான்.

அறைக் கதவு திறந்தது. சுருட்டிய கூந்தலோடு அம்பாரோ.

பார்த்தாள். உதடு துடித்தது.

“மம்மா... இது எனக்கு வெச்சது! என் கவுன் மம்மா! என்னைக் கொல்லத்தான் யாரோ...”

அப்படியே சோபாவில் சாய்ந்தாள்.

தோன்யாவின் கண்கள் மெதுவாகத் திரும்பின. கிறிஸ்பினா மேல் வந்து நின்றன.

“அடிப்பாவி...!”

*

போலீஸ் லெப்டினன்ட் மக்பனுவா வந்தபோது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் ஒல்லி. பின்னால் வந்த சார்ஜன்ட் திபுர்சியோ அதற்கும் சேர்த்துப் பருமன்.

டாக்டர் அவரைத் தனியே அழைத்துப்போய் ஒரு கண்ணாடித் தட்டை நீட்டினார். அதில் ஒரு குண்டூசி. நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

“கவுன் உள்துணியில, இடது இடுப்பு மடிப்புக்குள்ள செருகியிருந்தது. கொக்கியை இறுக்கினா குத்தும். ரத்தத்துல கலந்தா நெஞ்சு நின்னுடும்.”

“என்ன விஷம் டாக்டர்?”

“காண்லாவோன் மலைக்காரங்க அம்புல தடவற மரப்பிசின். காட்டுப்பன்னியே பத்தடி ஓடாது.”

“வேற யாருக்குச் சொன்னீங்க?”

“கவுன்ல விஷம்னு மட்டும் சொன்னேன்.”

“அதோட நிறுத்திக்குங்க.”

ஹாலில் தோன்யா பூரிங் விசிறியால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன லெப்டினன்ட், குசுகுசுன்னு? கொலைகாரியை நானே பிடிச்சுக் கொடுத்துட்டேனே! கீழே சர்க்கரை மூட்டை ரூம்ல பூட்டி வெச்சிருக்கு. ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போங்க.”

“எதுக்காகக் கொல்லணும் தோன்யா, அந்தம்மா?”

“பொறாமை! வேற என்ன? மாப்பிள்ளை லியாந்த்ரோ அவ கடைக்குப் போய்ப் போய் வர்றாராம். ஊரே பார்த்திருக்கு. ஆம்பளைக்குத் தையல்காரிகிட்ட என்ன வேலை? ஆசை காட்டியிருப்பா. இவர் என் பொண்ணைக் கட்டிக்கிறார்னதும் வயிறு எரிஞ்சிருக்கும். கவுன் அவ கையிலதானே இருந்துச்சு?”

“நேத்து சாயங்காலமே கொண்டு வந்து கொடுத்துட்டாங்க இல்ல?”

“அதனால என்ன? அதுக்கு முன்னாடியே விஷத்தைத் தடவியிருப்பா!” தோன்யாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. “இதோ பாருங்க. சாயங்காலம் கப்பல்ல விருந்தாளிங்க இறங்கறாங்க. இலோய்லோவுல இருந்து பேண்டு வருது. மாப்பிள்ளையோட அம்மா வர்றா. அவ வீட்டுக் கல்யாணத்துல ஐஸ்ல அன்னப்பட்சி செஞ்சு வெச்சான்னு நான் ஐஸ்ல மயிலுக்குச் சொல்லியிருக்கேன். என் வீட்ல போலீஸ் தொப்பியைப் பார்த்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா! அதுக்குள்ள இவளைக் கொண்டு போயிடுங்க. ஜட்ஜுகிட்ட நான் பேசிக்கிறேன். இவ தூக்குல தொங்கணும்.”

சொன்னால் நடக்கும். இந்த ஜில்லாவில் கரும்பு யாருடையதோ, அவர்கள் சொன்னது நடக்கும்.

சோபாவிலிருந்து அம்பாரோ மெல்லிய குரலில் கேட்டாள். “கல்யாணம்... நாளைக்கு நடக்குமா மம்மா?”

செத்தவள் இன்னும் பக்கத்து அறைக் கட்டிலில்தான் கிடந்தாள்!

*

சர்க்கரை மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் கிறிஸ்பினா.

“நான் பண்ணலை லெப்டினன்ட். அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. நான் ஏன்...”

“மாப்பிள்ளை உன் கடைக்கு வந்தது நிஜமா?”

“நிஜம்.”

“எதுக்கு?”

வாயை மூடிக்கொண்டாள்.

“ஏம்மா, உனக்குக் கழுத்து ஒண்ணுதானே இருக்கு?” என்றான் திபுர்சியோ.

“சத்தியம் வாங்கியிருக்காருங்க, கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு. அவர் வரட்டும். அவர் வாயாலயே சொல்லட்டும்.”

“கயிறு தொங்குது. இப்பப் போய்ச் சத்தியமா?”

“உங்களுக்குத் தெரியாது லெப்டினன்ட். இந்தப் பெரிய வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தி கவுனோட கலரை இன்னொருத்திகிட்ட சொன்னாக்கூட மறுநாள் என் கடையில ஈ ஓட்டணும். வாயை மூடிக்கிட்டுத்தான் பதினைஞ்சு வருஷமா சோறு தின்னுட்டிருக்கேன். அவர் இலோய்லோவுக்கு பேண்டு கூட்டிட்டு வரப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார்.”

“அதுக்குள்ள உன்னை பகோலோட் ஜெயில்ல தள்ளணுங்கிறாங்க தோன்யா.”

கிறிஸ்பினா முந்தானையால்... இல்லை, முந்தானை ஏது அவளுக்கு! தோளில் கிடந்த அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் பொண்ணு கான்வென்ட்ல படிக்கிறா லெப்டினன்ட். அவளுக்கு யாராவது சொல்லி அனுப்புங்க. பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்.”

மக்பனுவா வெளியே வந்தார்.

*

படிக்கட்டில் உட்கார்ந்து திபுர்சியோ ஒரு பியாயா ரொட்டியைக் கடித்தான். வெல்லப் பூரணம் மோவாயில் வழிந்தது.

“எங்கே கிடைச்சுது?”

“சமையல்கட்டுல சார். கல்யாண வீடு பாருங்க... எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. என் கல்யாணத்தப்ப என் பொண்டாட்டி கவுனை மச்சினிதான் போட்டுப் பார்த்தா. நான் பின்பக்கமாப் பார்த்து, பொண்ணுன்னு நெனச்சுக் கையைப் பிடிச்சுட்டேன். இன்னிக்கு வரைக்கும் வீட்ல ஏச்சு! ‘நீ அவளைத்தானே கட்டிக்க நெனச்சே’ன்னு.”

மக்பனுவா சட்டென்று நின்றார்.

“மறுபடி சொல்லு.”

“எதை? பியாயாவா, மச்சினியா?”

“உன் பொண்டாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி கவுனைத் தொட்டாளா?”

“செருப்பால அடிப்பாங்க சார்! எல்லாத்துக்கும் மச்சினிதான்.”

“இந்த வீட்ல யார் மச்சினி?”

திபுர்சியோவின் வாயில் பியாயா அப்படியே நின்றது.

“சொலேதாத்...!”

“இன்னிக்குக் காலையில இந்த கவுனை யார் போடுவாங்கன்னு வீட்டுக்கே தெரியும். நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். தைச்சவளுக்கு எல்லாரையும் விட நல்லாத் தெரியும். அம்பாரோவைக் கொல்லணும்னா அளவு பார்த்து முடிச்சப்புறம் இல்ல ஊசி வெச்சிருக்கணும்?”

“அப்ப... குறி தப்பலை?”

“குறி தப்பவே இல்லடா.”

இருவரும் நேராகப் போனது அம்பாரோவின் செத்துப்போன அப்பா, பண்ணையாரின் ஆபீஸ் அறைக்கு. வேட்டைப் பைத்தியம் அந்த மனுஷர். சுவர் முழுக்க மான் கொம்பு, வில், மலைக்கார அம்புகள். எல்லா அம்பிலும் ஒரு விரல் தூசி. ஒரே ஒரு அம்பில் மட்டும் தூசி இல்லை. நுனியில் கறுப்புப் பிசினைச் சுரண்டியெடுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

தோன்யாவிடம் சாவி வாங்கித் திறந்துவிட்ட வேலைக்காரி வாசலில் நின்றாள்.

“இந்த ரூம் எப்பவும் பூட்டியா இருக்கும்?”

“ஆமாங்க. சாவி தோன்யா இடுப்புல ஒண்ணு. சின்ன செனோரிட்டா அம்பாரோகிட்ட ஒண்ணு.”

“தையல்கார அம்மா இந்தப் பக்கம் வந்திருக்காங்களா?”

“அவங்களை ஹாலைத் தாண்டி விடமாட்டாங்களே!”

திபுர்சியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தான். “சார்... தோன்யாவா, பொண்ணா?”

“கல்யாண கவுனைப் பார்த்த பதற்றத்துல, கிடக்கிறது தன் பொண்ணுன்னு நெனச்சுத்தானே தோன்யா அலறினாங்க? தோட்டக்காரங்கெல்லாம் கேட்டாங்களே, ‘அம்பாரோ’ன்னு. யார் சாகப் போறான்னு தெரிஞ்சவங்க பேரை மாத்திக் கூப்பிட மாட்டாங்க.”

*

சாயங்காலம். சர்க்கரை ஆலைப் புகை வானத்தில் இனிப்பாக மணந்தது. வெள்ளைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது.

பேண்டுக்காரர்களைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, படியில் தாவி ஏறி வந்தான் லியாந்த்ரோ. மாப்பிள்ளை. அழகன். அதுதான் தொல்லையே!

“சொலேதாத்... நிஜமாவா? எப்படி? நேத்துக்கூட சிரிச்சுப் பேசிட்டிருந்தாளே!” அவன் கண் கலங்கியது.

அந்தக் கலங்கலை அம்பாரோ பார்த்தாள். விரல் நகம் உள்ளங்கையில் பதிந்தது.

“செத்தவளுக்கு அழறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. சாகப் பார்த்தவ நான். என்கிட்ட வாங்க.”

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தோன்யா, அம்பாரோ, லியாந்த்ரோ. ஓரத்தில், கையில் விலங்கோடு கிறிஸ்பினா.

“இன்னும் இவ இங்கேயா?” சீறினாள் தோன்யா.

“ஒரே ஒரு கேள்வி தோன்யா. கேட்டுட்டு ஒரு கொலைகாரியைக் கூட்டிட்டுப் போயிடறேன்.” மக்பனுவா திரும்பினார். “செனோரிட்டா, இன்னிக்குக் காலையில இந்த கவுனை நீங்க போட்டுப் பார்த்திருப்பீங்களா?”

“பைத்தியமா உங்களுக்கு? நாளைக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டா? கல்யாணம் நின்னுடும்!”

“அப்ப இன்னிக்கு உங்களைக் கொல்ல முடியாது.”



“நாளைக்குச் சாகட்டும்னு வெச்சிருப்பா...” என்றாள் அம்பாரோ.

“நாளைக்குச் சாகட்டும்னு வெச்சது இன்னிக்கு சொலேதாத்தைக் கொன்னுடும்னு கிறிஸ்பினாவுக்குத் தெரியாதா? கொக்கியைப் போட்டு விட்டதே அவங்கதானே?”



“திபுர்சியோ, அந்த கவுனைக் கொண்டு வா.”

திபுர்சியோ கொண்டு வந்தான். கொண்டு வந்தவன், எதிர்பாராமல், அப்படியே அள்ளி அம்பாரோவின் மடியில் போட்டான்!

“ஐயோ! எடுங்க! ஊசி... இடுப்புல ஊசி இருக்கு!”

துள்ளிக் குதித்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். கவுன் தரையில் சரிந்தது.

மக்பனுவா நிதானமாகக் குனிந்து அதை எடுத்தார். இடது இடுப்பைக் கையால் அழுத்திக் காட்டினார்.

“ஊசியைக் காலையிலேயே எடுத்தாச்சு செனோரிட்டா. இந்த வீட்ல ‘கவுன்ல விஷம்’னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். ஊசின்னு யார் சொன்னது? இடுப்புன்னு யார் சொன்னது?”

“குத்துதுன்னு சொலேதாத் சொன்னதா... இவதான் சொன்னாளே...”

“என்னமோ குத்துதுன்னாங்க. லேஸா, கொக்கியா, எங்கே குத்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அப்பா ரூம் அம்புல தூசி துடைச்சிருக்கு. சாவி ரெண்டு பேர்கிட்டத்தான். ஒரு சாவி உங்க கைப்பையில இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?”

தோன்யாவின் விசிறி கீழே விழுந்தது.

“இந்தாய்...? சொல்லும்மா. இல்லைன்னு சொல்லு...”

அம்பாரோ சொன்னாள். ஆனால் அம்மாவிடம் இல்லை. லியாந்த்ரோவின் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“ஆமா! நான்தான்! என்ன பண்ணச் சொல்றே? சின்ன வயசுல இருந்து என்னோட பழசெல்லாம் அவளுக்குத்தான் போகும். என் பழைய செருப்பு அவ கால்ல புதுசாத் தெரியும்! நான் பியானோ கத்துக்கிட்டேன், அவ வாசிச்சா எல்லாரும் நின்னு கேட்டாங்க. போனாப் போகட்டும்னு விட்டேன். நீயும் போவேன்னு நினைக்கலையே!”

“நானா?” லியாந்த்ரோ திணறினான்.

“நடிக்காதே! பகோலோட்டுல முடி சுருட்டற கடை ஜன்னல்ல இருந்து பார்த்தேன். உன் கார்ல, முன் சீட்ல, என் இடத்துல உட்கார்ந்திருந்தா! ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இவ கடைக்குள்ள போனீங்க. ஒரு தடவை இல்ல, வாராவாரம்! வீட்டுக்கு வந்தவகிட்ட ‘எங்கேடி போனே’ன்னேன். ‘சர்ச்சுக்கு’ன்னா. என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னா! இந்த கவுனைக் கண்ணாடி முன்னால போட்டுக்கிட்டு நிக்கறப்ப அவ மனசுல என்ன நெனைப்பு இருக்கும்? இது என்னுதுன்னுதானே? அதான்... அதையே போட்டுக்கிட்டுப் போகட்டும்னு...”

மூச்சு வாங்கியது அவளுக்கு.

லியாந்த்ரோ கிறிஸ்பினா பக்கம் திரும்பினான். முகத்தில் ரத்தம் இல்லை.

“கிறிஸ்பினா...” என்றான் கடைசியில். “நீ சொல்லலையா இவங்ககிட்ட?”

“நீங்கதானே செனோர் சத்தியம் வாங்கினீங்க...”

அவன் ஜன்னலுக்குப் போய்க் கீழே குரல் கொடுத்தான். “டிரைவர்! வண்டியில இருக்கிற பெட்டியை மேலே கொண்டு வா!”

பெட்டி வந்தது. பித்தளைப் பூட்டுப் போட்ட பெரிய பயணப் பெட்டி. வரும் வழியில் கிறிஸ்பினாவின் கடையிலிருந்து எடுத்து வந்தது. லியாந்த்ரோ மூடியைத் தூக்கினான்.

பட்டு. சாட்டின். அன்னாசி நார்த் துணி. நீலம், கிளிப்பச்சை, ஒயின் சிவப்பு. கவுன் மேல் கவுனாக அடுக்கியிருந்தது.

“தேனிலவுக்கு ஐரோப்பா போறோமே... கப்பல்ல ஒவ்வொரு ராத்திரி விருந்துக்கும் உனக்கு ஒண்ணு. திடீர்னு பெட்டியைத் திறந்து உன் முகத்தைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன் அம்பாரோ. உன்னைக் கூட்டிட்டுப் போய் அளவெடுத்தா விஷயம் தெரிஞ்சுடுமே!” அவன் நீலக் கவுனை வெளியே எடுத்தான். “உன் அளவு இந்தத் தீவுல இன்னொருத்திக்குத்தானே இருந்தது? அவளைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். ‘அம்பாரோகிட்ட நான் பொய் சொன்னதே இல்லை, இதுக்காக ஒரே ஒரு தடவை’ன்னு சொன்னா. சிரிச்சதா? ‘நீலம் போட்டா அவ ராணி மாதிரி இருப்பா’ன்னு சொல்லிச் சிரிச்சா!”

அம்பாரோ நீலக் கவுனைப் பார்த்தாள்.

கையை நீட்டினாள். தொடவில்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அம்மா காலையில் அலறியதை விடப் பெரிதாக.

“சொலேதாத்...!”

பக்கத்து அறையிலிருந்து பதில் வராது. இனி எப்போதும் வராது.

*

கிறிஸ்பினாவின் விலங்கைக் கழற்றினான் திபுர்சியோ. அவள் நன்றி சொல்லவில்லை. தரையில் கிடந்த கல்யாண கவுனை எடுத்து, பழக்க தோஷத்தில் மடித்து வைத்தாள். பிறகு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். கான்வென்ட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே!

தோட்டத்தில் விவரம் தெரியாத பேண்டுக்காரர்கள் கல்யாணப் பாட்டு ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோன்யா பூரிங் சோபாவில் சரிந்து, “அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க... நிறுத்தச் சொல்லுங்க...” என்று முனகினாள். ஐஸ் மயில் யாரும் சீந்தாமல் உருகிக்கொண்டிருந்தது.

போலீஸ் வண்டியின் பின் சீட்டில் அம்பாரோ. அருகில் மக்பனுவா. திபுர்சியோ முன்னால் ஏறி, வண்டி கிளம்பியதும் மெதுவாகத் திரும்பினான்.

“சார்... பெட்டி நிறையப் புது கவுன். அம்மணிக்கு ஒண்ணாவது கொண்டு போலாமா?”

“வேண்டாம். அங்கே அவங்களே ஒரு கவுன் கொடுப்பாங்க.”

“அளவு சரியா இருக்குமா சார்?”

மக்பனுவா ஜன்னல் வழியே கரும்புக் காட்டைப் பார்த்தார்.

“இருந்தாலும் இல்லேன்னாலும், அதை அவங்களேதான் போட்டுப் பார்த்தாகணும் திபுர்சியோ. ஜெயில்ல பதிலுக்கு ஆள் வெச்சுக்க விடமாட்டாங்க!”